ஊருக்காக இருவர்: மதுரைச் சமவெளியில் பொருதலின் வரலாறு

ஆமூரில் மற்போர் நடக்கிறது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வென்றவன் அவன்தான் என்கிறது ஒரு பக்கம். இல்லை என்கிறது மறுபக்கம். அவனுக்கு அது சொந்த ஊரும் இல்லை, சொந்த நாடும் இல்லை. அதனால்தான் கண்ணெதிரே நடந்ததையே ஊர் இரண்டாகப் பேசுகிறது. ஒரு பெண் சிலம்பு ஒலிக்க ஓடிவந்து, தன் வீட்டுப் பனையின் பருத்த அடிமரத்தில் சாய்ந்து நின்று பார்க்கிறாள். அவன் வென்றதைத் தானே கண்டதாகச் சொல்கிறாள். புறநானூற்றின் 85ஆம் பாட்டு இது. பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். களத்தில் நின்றவன் உறையூர்த் தித்தனின் மகன், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. எதிரே நின்றவன் முக்காவல் நாட்டு ஆமூர் மல்லன்.

இரண்டு பேர் வெறுங்கையோடு மோதிய ஒரு சண்டையைப் பற்றித் தமிழில் இதற்கு முந்தைய, இவ்வளவு நெருக்கமான சாட்சியம் எனக்குத் தெரிந்து வேறில்லை. 80 முதல் 82 வரை சாத்தந்தையாரும், 83 முதல் 85 வரை நக்கண்ணையாரும் பாடிய ஆறு பாட்டுகள் இந்த ஒரே வீரனைச் சுற்றி நிற்கின்றன. அவற்றுள் மூன்று பாட்டுகளை அடுக்கி வாசித்தால் சண்டையின் கூறுகள் கிடைத்துவிடுகின்றன. 80ஆம் பாட்டில் பிடி தெரிகிறது. ஒரு கால் மல்லனின் மார்பில் அழுந்துகிறது; மற்றக் கால் அவன் செய்யும் உபாயங்களைத் தடுத்து முதுகுப்புறம் வளைகிறது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதுபோல, தலையும் காலும் முறிய மோதுகிறான் நற்கிள்ளி. இந்தக் காட்சியைத் தந்தை தித்தன் பார்க்கவேண்டும் என்று ஏங்குகிறார் புலவர். பார்த்து மகிழட்டும், மகிழாமல் போகட்டும், பார்த்தால் போதும் என்கிறார். 82ஆம் பாட்டில் வேகம் தெரிகிறது. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி, மழை கொட்டுகிறது, பொழுதும் சாய்கிறது. அந்த அவசரத்தில் கட்டிலுக்கு வார் பின்னுகிறவன் கையிலுள்ள ஊசி எப்படிப் பாயுமோ, அப்படிப் பாய்ந்தது அந்தச் சண்டை. பிடியைச் சொல்ல யானை, வேகத்தைச் சொல்ல ஊசி. இந்தத் தேர்வின் நுட்பத்தை நான் எத்தனை முறை படித்தாலும் வியக்கிறேன். 85ஆம் பாட்டிலோ கூட்டம் தெரிகிறது.

ஊசியைச் சொல்லும் அதே பாட்டு எதிராளியை, ஊரைக் கொள்ள வந்த பொருநன் என்று குறிக்கிறது. பந்தயம் இரண்டு உடல்களோடு முடியவில்லை. அவற்றின் பின்னால் ஓர் ஊர் பணயமாக நின்றது. பட்டத்துக்கான சண்டைகள் என்று இன்று நாம் சொல்வனவற்றின் வேர் மதுரையையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் பொறுத்தவரை இங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். களத்தில் நிற்பவர் இருவர். மோதுபவை அவர்களுக்குப் பின்னால் இருக்கும் சேரி, பள்ளி, பரம்பரை.

பொருநன் என்ற சொல்லிடம் சற்று நிற்கவேண்டும். பொருதல் என்றால் போரிடுதல். ஒப்பாதல் என்பதும் அதற்குப் பொருள். சமமானவனோடுதான் பொர முடியும் என்ற எண்ணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பொருநன் போரிடுகிறவன்; களத்தைப் பாடுகிற பாடகனும் பொருநன். அடித்தவனுக்கும் அதை ஊருக்குச் சொன்னவனுக்கும் தமிழ் ஒரே பெயரை வைத்திருக்கிறது.

ஓண நாளின் மதுரை

மதுரைக்கு வருவோம். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகள் கொண்டது. பத்துப்பாட்டில் அதுவே மிக நீளமானது. அதில் மாயோனுக்குரிய ஓண நாள் வருகிறது. அன்று நகரில் சேரிகளுக்கிடையே போர். இங்கே சேரி என்பதைக் குடியிருப்புத் தெரு, பகுதி என்ற பழைய பொருளில் கொள்ளவேண்டும். வருகிற மறவர்களின் நெற்றி வடுப்பட்டிருக்கிறது; வடு ஆறுவதற்குள் மறுபடி அடி வாங்கிய நெற்றி அது. தலையில் வண்டு மொய்க்கும் கண்ணி. ஒருபுறம் களிறுகளை ஓடவிடுகிறார்கள். கள்ளுண்டு களித்த வீரர்கள் தெருவெல்லாம் திரிகிறார்கள்.

ஆமூரில் ஒருவனும் ஒருவனும் மோதினார்கள். மதுரையில் பகுதியும் பகுதியும் மோதுகின்றன. ஆனாலும் புலவர் எடுத்துக்காட்டுவது தனி மனிதனின் நெற்றியைத்தான். ஆண்டுதோறும் ஒரே நாளில், ஒரே ஊரில், ஊரார் முன்னால் அடி வாங்கிய நெற்றி. தழும்பு அந்த வீரனின் வரலாற்றுக் குறிப்பு. யார் எத்தனை முறை களம் கண்டவன் என்பதை அவன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பிற்காலக் குத்துச்சண்டை வீரர்களின் உடைந்த மூக்கும் தடித்த புருவமும் இதே வேலையைச் செய்தன.

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோராடல்களில் மல்லும் ஒன்று. மாயோன் வாணனை மல்லில் வென்ற கதையின் ஆட்டம். மதுரையின் ஓணத்துக்கும் அந்த ஆட்டத்துக்கும் தெய்வம் ஒன்றே. பிறகு ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்ற பட்டத்தைச் சூட்டிக்கொண்டான். கடற்கரை ஊர் ஒன்று மாமல்லபுரம் ஆயிற்று. மல்லன் என்பது அரசனும் விரும்பும் பெயராக இருந்தது என்பதற்கு இவ்வளவு போதும்.

சித்தனின் பள்ளி

மதுரையின் மிகப் புகழ்பெற்ற இருவர் சண்டை வரலாற்று ஏட்டில் இல்லை, புராணத்தில் இருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் 64 விளையாடல்களைச் சொல்வது. அதில் 27ஆவது, கூடற் காண்டத்தைச் சேர்ந்த அங்கம் வெட்டின படலம். குலோத்துங்க பாண்டியன் காலம். வாட்பயிற்சி தரும் முதிய ஆசிரியர் ஒருவர் மதுரையில் இருக்கிறார். அவரிடம் கற்ற சித்தன் என்பவன் தனியாகப் பயிற்சிக் கூடம் தொடங்கி, ஆசானின் மாணவர்களைத் தன் பக்கம் இழுக்கிறான். ஆசானின் வருமானம் போகிறது. அதோடு நிற்காமல் அவர் மனைவி மாணிக்கமாலையிடம் தகாத முறையில் நடக்கிறான். அவள் சொக்கநாதரிடம் முறையிடுகிறாள். இறைவன் அந்த முதியவரின் உருவில் வந்து சித்தனைச் சண்டைக்கு அழைக்கிறார். ஊருக்கு வெளியே இருவரும் வாளோடு நிற்கிறார்கள். பிறகு தொட்ட கை, பேசிய நா, பார்த்த கண் என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லியே வெட்டப்படுகின்றன. உண்மையான ஆசான் தாம் அந்தப் பக்கமே போகவில்லை என்று சொன்னபோதுதான் நடந்தது எல்லோருக்கும் விளங்குகிறது. பாண்டியன் ஆசானையும் மனைவியையும் யானைமேல் ஏற்றி நகர்வலம் வரச் செய்கிறான்.

பக்தர்கள் இதில் இறைவனின் நீதியைக் காண்கிறார்கள். அதோடு ஆய்வாளர் பார்க்கவேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. படைக்கலப் பயிற்சி ஒரு தொழிலாக இருந்திருக்கிறது; ஆசானுக்கு மாணவர் தரும் வருமானமே வாழ்வு. ஒரே ஊரில் இரண்டு கூடங்கள் தோன்றினால் போட்டி வருகிறது. எது பெரிய கூடம் என்பது பேச்சில் தீராது; ஊருக்கு வெளியே, பலர் அறிய, ஒரு சண்டையில் தீரும். வென்றவருக்கு யானைமேல் ஊர்வலம். புராணம் எழுதியவர் தம் காலத்து மதுரையில் கண்டிராத வழக்கத்தை இத்தனை விவரமாகச் சொல்லியிருக்க மாட்டார் என்றே நான் கருதுகிறேன்.

இதே வடிவத்தை 18ஆம் நூற்றாண்டு லண்டனிலும் காணலாம். ஆங்கிலேயர் தங்கள் முதல் குத்துச்சண்டைச் சாம்பியன் என்று சொல்லும் ஜேம்ஸ் ஃபிக் 1719இல் பயிற்சிக் கூடம் திறந்தார். அங்கே கற்பித்தவை வாள், தடி, கைக்குத்து மூன்றும். 1727இல் நெட் சட்டனுடன் அவர் மோதியபோது ஒரு சுற்று வாளில், ஒன்று வெறுங்கையில், ஒன்று தடியில். நம் ஊர்ச் சிலம்ப வாத்தியாரிடம் போனாலும் இதுவேதான்: கம்போடு குத்துவரிசையும் பிடிவரிசையும் சேர்ந்தே வரும். கைக்குத்தைத் தனியாகப் பிரித்து ஒரு விளையாட்டாக்கியது பிற்காலத்து வேலை. 1743இல் ஜாக் பிராட்டன் விதிகள் வகுத்தார். 1867இல் குவீன்ஸ்பெரி விதிகள் வந்து கையுறையும் மூன்று நிமிடச் சுற்றும் நிலைபெற்றன. 1892இல் நியூ ஆர்லியன்ஸில் ஜேம்ஸ் கார்பெட், ஜான் எல். சல்லிவனை வீழ்த்தியபோது கனரகப் பட்டமும் கையுறைக்குள் வந்துவிட்டது.

அரண்மனைக் கூலியும் பட்டுத்துணியும்

சண்டையிடுவதே பிழைப்பாக இருந்த மனிதர்களைப் பற்றிய தெளிவான தென்னிந்தியச் செய்தி விஜயநகரத்திலிருந்து வருகிறது. 1520ஐ ஒட்டிக் கிருஷ்ணதேவராயரின் மகாநவமியைப் பார்த்த போர்ச்சுக்கீசியர் தொமிங்கோ பயஸ் எழுதுகிறார்: பல் உடைகிறது, கண் போகிறது, முகம் சிதைகிறது, பேச்சிழந்தவர்களை நண்பர்கள் தூக்கிச் செல்கிறார்கள். அவர்களுக்குத் தலைவர்களும் நடுவர்களும் உண்டு. களத்தில் இருவரையும் சமநிலையில் நிறுத்துவதும், வென்றவனுக்கு மரியாதையை அளந்து தருவதும் அவர்கள் பொறுப்பு. சுமார் பதினைந்து ஆண்டுகள் கழித்து எழுதிய குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ் இன்னும் துல்லியம். அரசனிடம் ஆயிரம் மல்லர்கள். கையில் முனைவைத்த வளையங்களை அணிந்து குத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தலைவன். வேறு எந்த ஊழியமும் கிடையாது. இருவரில் அதிகம் காயம்பட்டவன் அரசனிடம் பட்டுத்துணி பெற்றுப் போகிறான்.

இந்தக் கடைசி விவரம் என்னை நீண்ட நேரம் நிறுத்திவைத்தது. பரிசு காயத்துக்கு. மதுரைக்காஞ்சியின் வடுப்பட்ட நெற்றியிலிருந்து இது வெகு தொலைவில் இல்லை. நடுவர் இருவரையும் சமமாக நிறுத்தினார் என்ற செய்தியோ பொரு என்ற வினையின் பழைய பொருளைக் களத்தில் நடைமுறையாகக் காட்டுகிறது. மைசூர் தசராவில் ஜெட்டிகள் மோதும் வஜ்ரமுஷ்டிச் சண்டை இந்த மரபின் எச்சம். தலையில் முதல் இரத்தத் துளி தெரிந்ததும் இன்றும் அது நிறுத்தப்படுகிறது.

மதுரை நாயக்கர்கள் விஜயநகரத்தின் பிரதிநிதிகளாக வந்தவர்கள். விஸ்வநாத நாயக்கர் 1529இல் மதுரையில் ஆட்சி தொடங்கினார் என்பது வழக்கமான கணக்கு. அவர்கள் கொண்டுவந்தவற்றுள் நவராத்திரிக் கொலுவும் ஒன்று. அதற்கு இருந்த மதிப்பு சேதுபதிகளின் வரலாற்றில் தெரிகிறது. மைசூர்ப் படையெடுப்பான மூக்கறு போரில் திருமலை நாயக்கருக்குத் (1623–1659) துணைநின்ற இரகுநாத சேதுபதி பெற்ற மரியாதைகளில், மதுரையில் நடப்பதுபோலவே இராமநாதபுரத்திலும் நவராத்திரி கொண்டாடும் உரிமையும் அடங்கும். விழா ஓர் அரச உரிமை. அதில் வீரர்கள் பொருவது அந்த உரிமையின் கண்காட்சி.

வையைக்கு வடகரையில் இராணி மங்கம்மாள் (1689–1706) காலத்துக் கோடைகால மாளிகையாகச் சொல்லப்படும் தமுக்கம் இந்த மரபின் மதுரை முகவரி. எதிரே விரிந்த வெளியில் யானைச் சண்டையும் வீரர்களின் மோதலும் நடந்தன, அரச குடும்பம் மாளிகையிலிருந்து பார்த்தது என்பது ஊர் வழிவழியாகச் சொல்லிவருவது. கட்டடம் அதற்கு ஏற்றாற்போல் உயரமாக, திடலை நோக்கி நிற்கிறது. பின்னாளில் ஆங்கில அதிகாரிகள் அதில் குடியிருந்தார்கள். 1959 ஏப்ரலில் அது காந்தி நினைவு அருங்காட்சியகம் ஆயிற்று. மல்லர்கள் இரத்தம் சிந்தியதைப் பார்க்க எழுப்பியதாகச் சொல்லும் மாளிகையில், காந்தியின் இரத்தம் தோய்ந்த ஆடை வைக்கப்பட்டிருக்கிறது. பலமுறை உள்ளே போய் நின்றிருக்கிறேன். அந்தக் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் பேசத் தோன்றுவதில்லை.

ஏன் மதுரையில் இல்லை?

நாயக்கர் ஆட்சி 1736இல் முடிந்தது. ஆயிரம் மல்லரை வைத்துச் சோறுபோடும் அரண்மனை இனி இல்லை. குத்துவரிசையும் கம்பும் கிராமத்து வாத்தியார்களிடம் தங்கின. திருவிழாவில் சலாவரிசை போட்டு இறங்கும் இளைஞர்களிடம் அது வாழ்ந்தது. கூலி போயிற்று, ஊர்ப் பெருமை மட்டும் மிஞ்சியது.

காலனி அரசு இதையும் எளிதில் விடவில்லை. மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர் ஊர்களில் குற்றப் பரம்பரைச் சட்டம் ஏவப்பட்டது. ஆண்கள் கைரேகை பதியவேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்கவேண்டும் என்றார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. இரவில் ஊரில் இருக்கவே உரிமையில்லாத இளைஞன் எந்த வாத்தியாரிடம் எப்போது போய்க் கம்பு பிடிப்பான்? பயிற்சிக் களங்கள் ஒடுங்கியதற்குக் காரணம் தேடுகிறவர்கள் இந்தச் சட்டத்தை முதலில் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து.

அதே காலத்தில் கையுறை அணிந்த தொழில்முறைக் குத்துச்சண்டை சென்னையில் வேர்விட்டது. துறைமுகமும், வெள்ளைச் சிப்பாய்களும், ஆங்கிலோ இந்தியர்களும், பட்டறைத் தொழிலாளர்களும் ஒரே இடத்தில் இருந்த ஊர் அது. மதுரையில் ஆலைகள் இருந்தன, இரயில்வே இருந்தது. கப்பல் இல்லை, கோட்டைப் படை இல்லை. ஆகவே இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று வடசென்னை முழுதும் பரவிய இந்த ஆட்டம் வையைக் கரையை அந்த அளவுக்கு எட்டவில்லை.

ஆனால் வடசென்னை அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதைப் பார்த்தால் மதுரைக் கதை மறுபடி தலைகாட்டுகிறது. வீரன் தன் பெயரில் மட்டும் இறங்கவில்லை. பரம்பரையின் பெயரில் இறங்கினான். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். சார்பட்டா என்பது நான்கு கத்தி என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். அப்படியானால் இந்தக் குத்துச்சண்டைக் குடும்பத்தின் பெயரிலேயே வாட்பயிற்சியின் நினைவு ஒட்டியிருக்கிறது. இங்கே பரம்பரை இரத்த வழி இல்லை, வாத்தியார் வழி. மாணவன் ஒருவன் பரம்பரை மாறினால் அது துரோகம். சித்தன் செய்த அதே குற்றம். சுவரொட்டிகளில் ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை என்று அச்சிட்டார்கள். ஆட்டமும் விதியும் வெளியிலிருந்து வந்தவை. ரோஷம் இங்கேயே இருந்தது.

அந்தக் காலத்துப் பெருஞ்சண்டைகளில் வடசென்னை இன்றும் முதலில் எடுத்துச் சொல்வது கித்தேரி முத்து, நாட் டெரியோடு மோதியதை. டெரி ஆங்கிலோ இந்தியர். உள்ளூர் வீரர்களைத் தொடர்ந்து தோற்கடித்து வந்தவர். முத்து அவரை வீழ்த்தினார் என்று சொல்லும்போது சொல்கிறவர் குரல் மாறிவிடும். அது சார்பட்டாவின் வெற்றியாக மட்டும் நிற்கவில்லை; வெள்ளைக்காரன் ஆட்டத்தில் வெள்ளைத் தோலின் பெருமிதத்தை நம் ஆள் உடைத்த நாளாகவே அது நினைவில் நிற்கிறது. ஆமூரைப் போலவே இங்கும் சண்டை முடிந்த பின்னும் கூட்டம் பேசிக்கொண்டே இருந்தது. பேரக் குழந்தைகள் வரை அந்தப் பேச்சு வந்திருக்கிறது, 2021இல் பா. இரஞ்சித்தின் சார்பட்டா பரம்பரை படம் வந்தபோது தமிழ்நாடே அதைக் கேட்டது.

1980இல் முகமது அலி சென்னைக்கு வந்தார். மும்முறை உலகக் கனரகப் பட்டம் வென்றவர். நேரு விளையாட்டரங்கில், முதலமைச்சர் எம்.ஜி.ஆர் முன்னிலையில், தன் பழைய நண்பரும் முன்னாள் கனரகச் சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடினார். இருவரும் லூயிவில்லில் ஒன்றாக வளர்ந்தவர்கள். 1971இல் ஹூஸ்டனில் நிஜமாகவே மோதி அலி வென்றிருந்தார். சென்னை மேடையில் வெற்றி தோல்வி எதுவும் இல்லை. என்றாலும் அரங்கு நிறைந்தது. பரம்பரைச் சண்டையைப் பார்த்தே வளர்ந்த கூட்டத்துக்கு, யார் பக்கம் நிற்பது என்ற கேள்வி எழாத முதல் பெருஞ்சண்டை அதுவாகத்தான் இருக்கும்.

மதுரைச் சமவெளியில் அந்தப் பக்கம்சேரும் வேகம் வேறு களத்துக்குப் போய்விட்டது. தை மாதம் அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் வாடிவாசல் திறக்கும்போது ஒலிபெருக்கி முதலில் சொல்வது மாட்டின் ஊரையும் உரிமையாளரையும். பிறகுதான் காளை வெளியே பாய்கிறது. பிடித்தவன் யார், பிடிபடவில்லையா என்பதை வேலிக்கு இருபுறமும் நிற்பவர்கள் இரண்டாகவே பேசுவார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மதுரை இளைஞர்கள் இரவும் பகலும் கூடிய இடம் தமுக்கம். இராணியின் திடலில் மக்கள் திரள் மறுபடி நின்றது, இம்முறை பார்வையாளராக இல்லாமல்.

சித்தனின் சண்டையை மதுரை இன்றும் விடவில்லை. மீனாட்சி கோயிலில் ஆவணி மூலத் திருவிழா வரும்போது திருவிளையாடல்கள் நாளுக்கு ஒன்றாக நடத்திக்காட்டப்படுகின்றன. அங்கம் வெட்டிய லீலைக்கு ஒரு நாள் உண்டு. சுந்தரேசுவரர் அன்று முதிய ஆசானுக்காக வாளேந்திய கோலத்தில் வருகிறார். தெருவில் நிற்பவர்களில் யாருக்கும் கதையைச் சொல்லவேண்டியதில்லை. தூக்கிவந்த குழந்தைக்கு யாரேனும் ஒரு பாட்டி சித்தனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள். வாளைக் கீழே வைத்துவிட்டு, மறுநாள் அவரே வளையல் விற்க வருவார்.